டிரெட்மில்லில் பி.பி. எகிறினவங்க, இறங்கினவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சிங்காநல்லூர்க்காரன்:
போன மாசம் கம்பெனி செக்கப். எனக்கு 44. டி.எம்.டி., அதாவது டிரெட்மில்ல நடக்க வெச்சு இதயத்தைப் பார்க்கற டெஸ்ட், அது வரைக்கும் எல்லாமே ஓகே. நெஞ்சுல அங்கங்க முடியைச் சிரைச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, கையில பட்டையைக் கட்டி ஏத்தி விட்டாங்க. நிக்கும்போது பி.பி. 132/84. ஸ்டேஜ் ஸ்டேஜா வேகத்தையும் ஏத்தத்தையும் கூட்டுவாங்க. மூணாவது ஸ்டேஜ், 14 சதவீதம் சரிவு, கெண்டைக்கால் கதறுது. அந்தப் பொண்ணு பல்பை அமுக்குது, ஸ்டெத்தை அழுத்திக் கேக்குது, காத்தை விடுது, மறுபடி அமுக்குது. மூணாவது தடவை எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பையனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குச்சு பாருங்க. அந்தப் புருவம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. என்னம்மான்னு கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க சார், நடங்க."

ரிப்போர்ட்ல முதல் பக்கம் கொட்டை எழுத்துல நெகட்டிவ். கடைசிப் பக்க அட்டவணையில பி.பி. 226/98. டாக்டர் முதல் பக்கத்தோட மூடிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு, வெயிட்டைக் குறைங்க"ன்னு அனுப்பிட்டார். 226 பத்தி யாரும் வாயே திறக்கல. வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சுங்களா?

வைகைக்கரை:
உங்களுக்கு ஏறுச்சு, எங்கப்பாவுக்கு இறங்குச்சு. 61 வயசு. நெஞ்சுவலின்னு ஒருநாளும் சொன்னதில்ல. மாடி ஏறும்போது மட்டும் பாதியில நின்னு, "கொஞ்சம் இரும்மா, செருப்பு மாட்டிக்கிச்சு"ம்பாரு. கதவுக் கண்ணாடி வழியா நான் பார்த்துக்கிட்டே நின்னேன். தொடங்கும்போது 138. முதல் ஸ்டேஜ்ல 150. ரெண்டாவதுல 140, அடுத்த தடவை எடுத்தப்ப 112. டெக்னீஷியன் சட்டுனு பெல்ட்டை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிட்டாரு. அப்பா உதடு வெளுத்து, வேர்த்து ஊத்துது. ஆனா அவருக்கு ஒரே கோவம். "நான் இன்னும் நடப்பேனேப்பா, ஏன் நிறுத்துற?"

அன்னிக்கே அட்மிட். ஆஞ்சியோல இடது பக்க மெயின் குழாய்லயே அடைப்பு. பைபாஸ் முடிஞ்சு நாலு வருஷமாச்சு. இன்னும் அந்தத் தம்பியைத்தான் திட்டுறாரு, "அவன் மட்டும் நிறுத்தாம இருந்தா நான் பாஸாயிருப்பேன்"னு.

ரிட்டயர்டு வாத்தியார்:
சிங்காநல்லூர் தம்பி, நடந்தால் பி.பி. ஏறத்தானே செய்யும்? ஏறாவிட்டால்தான் கோளாறு, மேலே அந்த அம்மா எழுதியிருக்கிறார்களே. எனக்கும் 2016-இல் எடுத்தார்கள், 190 வந்தது, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்து முடித்துவிட்டேன். இன்றுவரை குறையில்லை. ஒரு புருவத்துக்கா இவ்வளவு கவலை? உங்களுக்குச் சில யோசனைகள். காலையில் வெறும் வயிற்றில் நான்கு பல் பூண்டு. காபியை அறவே விடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். செய்தி சேனல் பார்க்காதீர்கள், பாதி பி.பி. அதில்தான். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். அடுத்த முறை டெஸ்ட்டுக்குப் போகும்போது பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் உண்மையான அளவு தெரியும். இதை நிறைய பேர் சொல்வதில்லை.

பட்டை கட்டுறவன்:
வாத்தியார் ஐயா, கோவிச்சுக்காதீங்க, அந்தக் கடைசி வரியை யாரும் கேட்டு நடந்துடக் கூடாது. சில மாத்திரையைச் சட்டுனு விட்டா பி.பி., நாடித்துடிப்பு ரெண்டும் எகிறும், இதயக் குழாய்ல அடைப்பு இருந்தா மாரடைப்பே வரலாம். எதை நிறுத்தணும், எப்ப நிறுத்தணும்னு எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்லணும். அப்புறம், கம்பியை இறுகப் பிடிச்சா உடம்பு எடை கையில போயிடும். அந்த 190-ஐ நான் நம்ப மாட்டேன்.

டி.எம்.டி. ரூம்ல எனக்குப் பதினோரு வருஷம். ஏறணும்ங்கறது சரிதான், எவ்வளவுன்னு ஒரு கணக்கு இருக்குல்ல. ஆம்பளைக்கு மேல் அளவு 210, பொம்பளைக்கு 190 தாண்டினா அதிகம்னு எடுத்துக்குவோம். 250 தாண்டினாலோ கீழ் அளவு 115 தாண்டினாலோ பெரும்பாலும் நிறுத்திடுவோம். கீழ் அளவு பெருசா ஏறக் கூடாது, அப்படியே நிக்கணும் இல்லன்னா லேசா இறங்கணும். ஆனா பெல்ட் சத்தத்துல, ஆடுற கையில, கீழ் அளவைக் காதால பிடிக்கறது பெரும்பாடு. அந்தப் பொண்ணு மூணு தடவை எடுத்தது பயத்துல இல்ல, சந்தேகத்துல. புருவம் தூக்கினது தப்புதான், முகத்துல எதையும் காட்டக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

நெகட்டிவ்னா ஈ.சி.ஜி.ல ரத்த ஓட்டக் குறைவு தெரியலன்னு மட்டும்தான். பி.பி. வேற கதை. அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்ங்கற ஊர்ல 1948லேருந்து ஜனங்களைத் தொடர்ந்து பார்த்துட்டு வர்றாங்க. அதுல, சும்மா இருக்கும்போது நார்மலா இருந்து, டிரெட்மில்ல கீழ் அளவு ரொம்ப ஏறினவங்களுக்குப் பின்னாடி பி.பி. நோய் வந்தது கூடுதல்.

எனக்கு மறக்காதது ஒரு ஆட்டோக்காரத் தம்பி, 38 வயசு. நிக்கும்போது 128. முதல் ஸ்டேஜ், மணிக்கு 2.7 கிலோமீட்டர், கோயில் பிரகாரம் சுத்தற வேகம், அதுலயே 204. "ஏன் சார் என் கையையே பார்க்கறீங்க"ன்னான். பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. 24 மணி நேரமும் கையில கட்டி பி.பி. எடுக்கற மெஷின் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதினாரு. வெச்சானா இல்லையான்னு தெரியல.

சிங்காநல்லூர்க்காரன்:
அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வேற டாக்டர்கிட்டப் போய் அந்த மெஷினைக் கட்டிட்டு வந்தேனுங்க. ராத்திரியெல்லாம் அரை மணிக்கு ஒருதரம் கையை இறுக்குது. அது உறுமுற சத்தத்துல சம்சாரம் பக்கத்து ரூமுக்குப் போயிட்டா. பகல் சராசரி 143/91. அது 135/85-க்குக் கீழ இருக்கணுமாம். கிளினிக்ல எடுத்தா மட்டும் நல்ல பிள்ளையா 130 காட்டிட்டு இருந்திருக்கு. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. முதல் டாக்டர்கிட்டப் போய் அந்தக் கடைசிப் பக்கத்தை நீட்டலாமான்னு யோசனை. பூண்டும் தின்னு பார்க்கறேன் வாத்தியாரே.

வைகைக்கரை:
பூண்டா? எங்கப்பா பூண்டு இல்லாம ஒருநாளும் சாப்பிட்டதில்லைங்க.