மூளையே இல்லாததுக்கு ஞாபகமாம்!

ரங்கூன்வாசி: நேத்து இட்லி மாவுப் பேச்சுல மோல்மேன் அண்ணன், "கிருமிக்கு மூளை கிடையாது, இரை இருக்கிற பக்கம் போறதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்"னு போட்டாரு. அதுக்குக் கைதட்டு வேற! ஈ.கோலைங்கிற குடல் கிருமி சில விநாடிக்கு முன்னாடி இருந்ததை ஞாபகம் வெச்சுத்தான் போகுது.

மோல்மேன்காரன்: ஞாபகமா? எங்க வெச்சிருக்கு, தலையிலயா வால்லயா?

ரங்கூன்வாசி: 1972ல மேக்னாப், கோஷ்லண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க, சால்மோனெல்லாங்கிற இன்னொரு கிருமி நீந்துற தண்ணியில, அதுக்குப் பிடிச்ச செரின்ங்கிற அமினோ அமிலத்தைச் சட்டுனு கலந்தாங்க. எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஆனாலும் அது புரளாம நேரா ஓடுச்சு. முன்னைவிடக் கூடியிருக்குன்னு தெரியாமலா?

மோல்மேன்காரன்: ஓட்டத்தை யார் கேட்டா? ஞாபகத்தைக் காட்டு.

டவுன்ஜி அக்கா: எங்க ஊர்க் குளிர்ல மாவு பொங்கலையே, கிருமி மறந்துடுச்சோ?

ரங்கூன்வாசி: அக்கா, மாவைப் பொங்க வைக்கிற லூக்கோநாஸ்டாக்குக்கு நீந்துற வாலே கிடையாது. குளிர்ல மெதுவா வளருது, அவ்வளவுதான்.

டவுன்ஜி அக்கா: வால் இல்லைன்னு நீ எண்ணிப் பார்த்தியா? வெந்தயம் போட்டாத்தான் பொங்கும்.

பெகு பையன்: வெந்தயமா! எங்க ஆத்தா அவல்தான் போடும்.

மோல்மேன்காரன்: மாவை விடுங்க. ஞாபகம் எங்கப்பா?

ரங்கூன்வாசி: பொறுமையாப் படிங்கண்ணே. ரெண்டு மைக்ரோமீட்டர் உடம்புல முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டு என்ன தெரியும்? அதனால இப்போ எவ்வளவு, அப்போ எவ்வளவுன்னு பார்க்குது. செரின் பட்டதும், வால் மோட்டாருக்குச் சேதி கொண்டு போற சே-ஒய் புரதத்துல பாஸ்பேட் ஏறுறது குறையும். மோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாவே சுத்தும், வாலெல்லாம் ஒரே கத்தையாச் சேரும், ஓட்டம் நேராகும். அப்புறம் செரினைக் கண்டுபிடிக்கிற உணர்வாங்கிப் புரதத்துல மெத்தில்ங்கிற சின்ன வேதித் துணுக்கு மெதுவா ஒட்டி, பழைய நிலைக்குக் கொண்டு வரும். அதை ஒட்ட ஒரு நொதி, கழட்ட ஒரு நொதி. அந்த மெத்தில் கணக்குதான் ஞாபகம்.

மோல்மேன்காரன்: எங்க மில்லுத் தராசு முள்ளும் கொஞ்ச நேரம் ஆடித்தான் நிக்குது. அதுக்கும் ஞாபகசக்தியா?

ரங்கூன்வாசி: உங்க தராசு அரிசியைத் தேடி நடந்து போகுமாண்ணே?

மோல்மேன்காரன்: போன வருஷம் தீமிதி நன்கொடை நோட்டுல என் பேரை விட்டியே, அன்னைக்கு உனக்கு மெத்தில் ஒட்டலையோ?

ரங்கூன்வாசி: பேர் எழுதின அன்னைக்கு உங்க காசு வரலை. ரசீது என்கிட்ட இருக்கு.

பெகு பையன்: ரசீதைப் படம் புடிச்சுப் போடுங்க, பார்ப்போம்.

டவுன்ஜி அக்கா: அவல் போட்டா இட்லி களியாயிடும் தம்பி.

மோல்மேன்காரன்: ரசீது கிடக்கட்டும். அதுக்குப் பேர் தாமதம். ஞாபகம்னு சொல்லாதே.

ரங்கூன்வாசி: சொல்லுவேன். ஞாபகம். ஞாபகம்.

மோல்மேன்காரன்: தராசு.