ஐரோப்பிய ஆணையத்தின் தலைவருக்கு மக்கள் ஆதரவு உண்டு என்று எதைக் கொண்டு சொல்வது?

கேள்வி:
ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவான சட்டங்களை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் ஐரோப்பிய ஆணையத்திடமே இருக்கிறது. ஆனால், அதன் தலைவர் பதவிக்கென்று எந்த நாட்டிலும் மக்கள் வாக்களிப்பதில்லை. அப்படியிருக்க, உர்சுலா வான் டெர் லெயனை மக்கள் ஆதரவு பெற்ற தலைவர் என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள்?

மறுமொழி 1:
நாடாளுமன்ற முறையில் பிரதமரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், உங்கள் ஐயத்தில் பாதி தீர்ந்துவிடும். ஒன்றியம் இயங்கும் முறையை வகுக்கும் லிஸ்பன் உடன்படிக்கையின்படி, நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவைக் கருத்தில் கொண்டு ஒருவரை முன்மொழிய வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவரை ஏற்க வேண்டும். 2019-இல் 374 வாக்குகள் தேவைப்பட்டன. வான் டெர் லெயனுக்குக் கிடைத்தவை 383. 2024-இல் 360 தேவைப்பட்டபோது 401 கிடைத்தன.

மறுமொழி 2:
மீதிப் பாதிதான் சிக்கல், ஐயா. 2014-இல் ஒவ்வொரு கட்சிக் கூட்டணியும் தன் முன்னணி வேட்பாளரை அறிவித்து வாக்குக் கேட்டது. அதிக இடங்களை வென்ற ஐரோப்பிய மக்கள் கட்சியின் ழான்-குளோத் யுங்கர் ஆணையத் தலைவரானார். 2019-இலும் அக்கட்சியே முதலிடம் பிடித்தது. ஆனால் அது முன்னிறுத்திய மான்ஃபிரெட் வேபரை ஒதுக்கிவிட்டு, பிரசாரத்தில் பெயரே அடிபடாத அன்றைய ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் வான் டெர் லெயனை நாட்டுத் தலைவர்கள் மூடிய அறைக்குள் பேசி முன்மொழிந்தார்கள். ‘கருத்தில் கொண்டு’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது அன்று தெரிந்தது.

மறுமொழி 3:
அந்த 2019 தேர்தலில்தான் வாக்குப்பதிவு 42.6 சதவீதத்திலிருந்து 50.7 சதவீதமாக உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை ஒன்றியத்தின் மீதான பற்று என்று மட்டும் நான் கொள்ளமாட்டேன். அதை எதிர்ப்பவர்களும் வரிசையில் நின்றுதான் வாக்களித்தார்கள். ஒன்றியத்தை ஏற்பது வேறு, அதன் தலைமையை ஏற்பது வேறு.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. 2019-இல் ஒன்பது வாக்குகள்தான் கூடுதல் என்றால், அவற்றை அளித்தவர்கள் யார் என்று வாக்காளர் அறிய முடியுமா?

மறுமொழி 1:
முடியாது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது இரகசிய வாக்கெடுப்பு. ஆனால் ஆணையத்தைப் பதவி நீக்கும் தீர்மானத்தில் ஒவ்வொருவரின் வாக்கும் பெயரோடு பதிவாகும். அதற்கு, அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2025 ஜூலையில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 175 பேரும் எதிராக 360 பேரும் வாக்களித்தனர். அந்தப் பட்டியலில் உங்கள் கேள்விக்கு ஓரளவு விடை உண்டு.