மறு: விளையாட்டுவழிப் பேச்சுச் சிகிச்சை

வணக்கம் ஐயா,

பேசப் பிந்தும் பிள்ளைகளை விளையாட்டின் மூலம் பேசவைக்கும் சிகிச்சைக்குத் (play-based speech therapy) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பது பற்றி. நீங்கள் எழுதியது:

> 'பேச்சு விளையாட்டுப் பயிற்சி' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி. ஆனால் 'பயிற்சி' என்றதும் கிளிநொச்சிப் பக்கத்துத் தாய்மாருக்கு அப்பியாசக் கொப்பிதான் நினைவுக்கு வரும். பிள்ளையை இருத்திவைத்து "அம்மா சொல்லு, தண்ணி சொல்லு" என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளை வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும். இந்த முறை அதற்கு நேரெதிர்.

சிரட்டையில் மண்சோறு ஆக்குகிற பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே குந்தியிருந்து இன்னொரு சிரட்டையை நீட்டிவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். பிள்ளை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் அதுவும் பேச்சில் சேர்த்திதான். "சோறு" என்றால் "சுடுசோறு" என்று கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுக்கலாம். 'சாய்ந்தாடம்மா' பாட்டை நடுவில் நிறுத்தினால், மிச்சத்தைப் பிள்ளை உடம்பை ஆட்டியாவது கேட்கும். கேள்வி கேட்காமல் காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வராத வித்தை. கனடாவில் 1970களில் தொடங்கிய ஹானன் முறை பெற்றோருக்குப் பழக்குவதும் பெரும்பாலும் இதைத்தான்.

தமிழில் வேலைசெய்யும் சிகிச்சையாளர்கள் இங்கே குறைவு. முல்லைத்தீவில் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிற பிள்ளைக்கு இதில் பெரும்பங்கைச் செய்யப்போவது வீட்டில் உள்ளவர்கள்தான். ஆகவே சொல் அவர்களுக்கு விளங்க வேண்டும்.

'விளையாட்டுச் சிகிச்சை' என்று வெட்டிவிடலாம் என்ற அக்காவுக்கு: அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மனம் நொந்த பிள்ளைகளை விளையாட்டின் மூலம் ஆற்றுப்படுத்துவதற்கு உளவளத்துணைக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். போருக்குப் பிறகு வன்னியில் அந்த வேலை நிறைய நடந்தது. பேசப் பிந்தும் பிள்ளையின் தாய் அந்தப் பெயரைக் கேட்டால், "என்ர பிள்ளைக்கு மனதில் ஏதும் பிழையோ" என்று கலங்கிவிடுவார். போதாததற்கு, பத்திரிகையில் 'விளையாட்டு' என்றால் கிரிக்கெட்டும் வலைப்பந்தும். முழங்கால் சுளுக்குக்காரரும் வந்து வரிசையில் நிற்பார்.

விளையாட்டுக்குப் பழஞ்சொல்லான 'பண்ணை'யை எடுக்கலாம் என்றது பற்றி. தொல்காப்பிய உரியியல் 'கெடவரல்', 'பண்ணை' இரண்டுக்கும் விளையாட்டு என்றே பொருள் சொல்கிறது, உண்மை. ஆனால் இங்கே பண்ணை என்றால் மாடும் கோழியும்தான். 'ஆடல்' நடனத்துக்குப் போய்விடும். பழந்தமிழில் விளையாட்டைக் குறித்த 'ஓரை'யைச் சோதிடரிடமே விட்டுவிடுவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'வழி'. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. அதே வார்ப்பில் 'விளையாட்டுவழி' என்றால், விளையாட்டு பாதை, பேச்சு போய்ச்சேரும் இடம் என்பது சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

'சிகிச்சை' வடசொல் என்பதை மறுக்கவில்லை. 'பண்டுவம்' அழகுதான், ஆனால் அதைக் கேட்டு யாரும் கிளினிக் கதவைத் தட்டமாட்டார்கள். 'பரிகரிப்பு' என்றால் ஊர்ப் பரிகாரியாரின் எண்ணெய்தான் மணக்கும். சிகிச்சை என்றால் குளிசை (மாத்திரை) தருவார்கள் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அதை முதல்நாளே சொல்லித் தீர்க்கலாம். ஆகவே படிவத்திலும் பலகையிலும் 'விளையாட்டுவழிப் பேச்சுச் சிகிச்சை'. தாயோடு கதைக்கும்போது 'விளையாடிப் பேசவைத்தல்' போதும்.

அடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் காத்திருந்து மறுமொழி சொல்வதற்கும் ஒரு சொல் வேண்டும். 'சுழற்சி உரையாடல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். காற்றாடி போல இருக்கிறது. கீச்சுமாச்சுத் தம்பலம் விளையாடும் பிள்ளைகள் "இப்ப என்ர முறை" என்றுதான் சண்டைபிடிக்கிறார்கள். 'முறைமாற்றுப் பேச்சு' என்று வைத்தால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?