பீமிலிருந்து (ஜிம்னாஸ்டிக் சமநிலைக் கட்டையிலிருந்து) இறங்கியவர்கள்: அந்த விளையாட்டை விட்டு வந்த யாரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா?

உப்புவெளிக்காரி:

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் நான்கு அறையோடு சின்ன விடுதி ஒன்று நடத்துகிறோம். போன வருஷம் ஜூலையில், நல்ல சீசன் நேரம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து பதினொரு நாள் தங்கினார். நாற்பதைத் தொடும் வயது. பெயரையும் நாட்டையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் விடுகிறேன்.

மூன்றாம் நாள் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போய் வந்தோம். கரையில் இறங்கும்போது படகு ஆடியது. படகுக்காரத் தம்பி "கையைப் பிடியுங்கோ" என்று நீட்டினான். அவர் பிடிக்கவில்லை, விளிம்பிலிருந்து குதித்தார். இரண்டு பாதமும் ஒன்றாக ஈர மணலில் பதிந்தன. முழங்கால் லேசாக மடிந்தது, சத்தமே இல்லை. கைகள் இரண்டும் தாமாக மேலே எழும்பி, தோள் மட்டத்துக்கு வந்ததும் நின்று, மெல்லக் கீழே இறங்கிவிட்டன. "இவ டான்ஸ் ஆடுறவவோ அக்கா?" என்று தம்பி என்னிடம் கேட்டான்.

அன்றிரவு அப்பம் சுட்டுக் கொடுத்தேன். ஐந்தாவதைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பேச ஆரம்பித்தார். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக், பத்து வயதில் வீட்டை விட்டுத் தேசியப் பயிற்சி நிலையம், பிறகு உலகப் போட்டி. தினமும் காலையில் நிறை பார்ப்பார்களாம். அதற்குப் பயந்து முதல்நாள் பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். பத்தொன்பது வயதில் முதுகு போய்விட்டது. அன்றைக்கே பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்ததாம். எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம், செய்வதற்கு ஒன்றுமில்லை. எப்போது சாப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் பசி என்பதைக் கவனிக்கவே கூடாது என்றுதான் பழக்கியிருந்தார்கள்.

மெடலை விட்டுவிடுவோம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் பசி தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனதை அறுக்கிறது. உங்களில் யாராவது இப்படிப்பட்டவர்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள். அவர் இப்போது என்ன வேலை செய்கிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதற்கு அம்மாவின் கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:

நான் உடற்கல்வி ஆசிரியை. கொழும்பில் ஒரு பயிற்சிநெறிக்குப் போனபோது, ஒரு காலத்தில் தேசிய மட்டத்தில் வென்ற பெண்மணி ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். கிழமை நாட்களில் வங்கியில் வேலை, சனி ஞாயிறு நடுவர். "ஜிம்முக்குள் ஒரு கால் இருந்தால்தான் எனக்கு அந்தக் கிழமை ஓடும்" என்றார். எங்கள் நாட்டில் இருபது வயதுக்குப் பிறகு இந்த விளையாட்டில் சம்பாதித்துச் சாப்பிட வழி மிகக் குறைவு. மில்கா கெஹானி 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனபோது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். இலங்கையிலிருந்து ஒலிம்பிக்குப் போன முதல் ஜிம்னாஸ்ட் அவர்தான். உடனே ஒரு பிள்ளை, "ரீச்சர், அதுக்குப் பிறகு என்ன செய்வா?" என்று கேட்டது. சரியான கேள்வி.

பெரிய நாடுகளிலும் எல்லோரும் நன்றாக இல்லை. சீனாவின் ஜாங் ஷாங்வூ 2001ல் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் வளையத்தில் தங்கம் வென்றவர். குதிகால் தசைநார் அறுந்ததோடு எல்லாம் முடிந்தது. மெடலை விற்றார். 2011ல் பெய்ஜிங் சுரங்க ரயில் நிலையத்தில் வித்தை காட்டிக் காசு கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆட்கள் அடையாளம் கண்டார்கள். அதே சீனாவில் லீ நிங் 1984 ஒலிம்பிக்கில் ஆறு மெடல் வாங்கி, 1990ல் தன் பெயரிலேயே விளையாட்டு உடுப்புக் கம்பனி தொடங்கிப் பெரிய முதலாளி ஆனார். திறமையில் இருந்த வித்தியாசம் மட்டும் இதற்குக் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவருக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், மற்றவருக்கு யாரும் இல்லை.

நெதர்லாந்தின் எப்கே சோண்டர்லாண்டை என் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் உயர் பாரில் தங்கம் வென்றபோது அவர் மருத்துவ மாணவர். ஒரு கை பாரில், ஒரு கை புத்தகத்தில். அப்படி இரண்டையும் பிடிக்க விடும் பயிற்சியாளர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சீனக்குடா பிசியோ:

ரீச்சர் சொன்னதோடு உடம்பைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் 27 வயது முன்னாள் வீராங்கனை ஒருவருக்குச் சிகிச்சை கொடுத்தேன். அவர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட மாட்டார், காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துத்தான் கட்டுவார். முதுகை மீண்டும் மீண்டும் பின்னால் வளைத்துத் தரையில் இறங்குவதால், வளரும் வயதில் கீழ் முதுகெலும்பின் பின்பகுதியில் மெல்லிய வெடிப்பு வரும். ஜிம்னாஸ்ட்களில் இது அடிக்கடி காண்பது. கைகளில் உடம்பு நிறையைத் தாங்குவதால் மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டும் அடிபடும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறும், அந்த ஓய்வைத்தான் கொடுக்க மாட்டார்கள்.

எலீனா முகினாவை யாரும் மறக்கக் கூடாது. சோவியத் ஜிம்னாஸ்ட், 1978 உலக சாம்பியன். உடைந்த கால் முழுதாக ஆறுவதற்குள் பயிற்சிக்கு இழுத்தார்கள். 1980 ஜூலையில், மொஸ்கோ ஒலிம்பிக் தொடங்க இருந்த நாட்களில், கழுத்து முறிந்தது. அதற்குப் பிறகு 2006ல் இறக்கும்வரை கழுத்துக்குக் கீழே அசைவில்லை. கால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் முதலில் நம்புவேன், பிறகுதான் பரிசோதிப்பேன்.

உப்புவெளிக்காரி:

எழுதிய இரண்டு பேருக்கும் நன்றி. விட்ட கதைக்கு வருகிறேன்.

அந்தப் பெண் பயிற்சி நிலையத்தை விட்டு வந்த பிறகு கொஞ்ச நாள் சர்க்கஸ், கொஞ்ச நாள் உல்லாசக் கப்பல். இப்போது தன் ஊரில் வயதானவர்களுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறார். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று திருப்பிக் கேட்டேன். விழத்தான். "நான் பல்லாயிரம் தடவை விழுந்திருக்கிறேன், அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறொன்றும் தெரியாது" என்றார்.

என் அம்மாவுக்கு 71. அதற்கு முந்திய வருஷம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்தவ. பிறகு முற்றத்துக்கு இறங்கவே பயந்துகொண்டிருந்தா. இதைக் கேட்டதும் அந்தப் பெண் மறுநாள் காலையிலேயே அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொழி தெரியாது, கையால் தொட்டுத் தொட்டுத்தான் பாடம். முழங்காலை மடி, தாடையை நெஞ்சோடு சேர், கையை ஊன்றாதே, பக்கவாட்டில் உருளு. முதல் இரண்டு நாள் அம்மா மணலில் உட்கார்ந்து சாய மட்டும் பழகினா. எட்டாம் நாள் நின்ற நிலையிலிருந்து விழுந்தா. சேலையை மடித்துச் செருகிக்கொண்டு, "இன்னொருக்கா" என்று அவவே கேட்டா.

மார்கழி மழையில் கிணற்றடிப் பாசியில் அம்மா வழுக்கினா. நான் ஓடிப் போவதற்குள் எழும்பி உட்கார்ந்திருந்தா. தோளில் சேறு, வேறொன்றுமில்லை. அன்றிரவே வட்ஸ்அப்பில் சொன்னேன். "எந்தப் பக்கம் விழுந்தார்? கையை ஊன்றினாரா?" என்று பதில் வந்தது. ஊன்றவில்லை என்று அனுப்பினேன். உடனே வீடியோ கோல் எடுத்தார். அம்மா ஹோலில் பாயை விரித்து, எப்படி விழுந்தேன் என்று இன்னொரு தடவை விழுந்து காட்டினா.