வியர்வை வாடை போகவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம். மகன் தினமும் ஓடப் போறவன். அவனோட பாலியஸ்டர் பனியன் துவைச்சுக் காய்ஞ்சதும் நல்லாத்தான் இருக்கு. போட்டு உடம்புச் சூடு பட்டதும் பழைய வியர்வை வாடை கிளம்பிடுது. அக்குள்ல மஞ்சள் கறை வேற, தொட்டா மொடமொடன்னு இருக்கு. வாசனைக்குன்னு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊத்திட்டிருந்தேன். அது நூல் மேல படிஞ்சு பிசுக்கை உள்ளேயே பிடிச்சு வைக்கும்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். குளோரின் பிளீச்ல மஞ்சள் கூடத்தான் செஞ்சுது.

இப்போ ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட், வாங்கியிருக்கேன். 40 டிகிரி வெந்நீர்ல எத்தனை மணி நேரம் ஊற வைக்கிறீங்க? கலர் துணிக்குப் பரவாயில்லையா? வினிகரைக் கடைசி அலசல்ல தனியா விட்டா வாடை குறையுதா? (குளோரின் பிளீச்சோட வினிகர் சேர்ந்தா விஷவாயு வரும், அதைச் செய்யவே மாட்டேன்.) செஞ்சு பார்த்தவங்க அளவோட சொல்லுங்க, ப்ளீஸ்.