புதுப்பிப்பு: டாட்டூ ஸ்டென்சில் பாதியில் அழிவது பற்றி

டாட்டூ குத்தும் முன் வடிவத்தைத் தோலில் பதிக்கிற மைத்தாளான ஸ்டென்சில் பேப்பரிலிருந்து தோலில் இறங்கிய ஊதாக் கோடு, ஊசி போட ஆரம்பித்ததும் துடைக்கத் துடைக்கப் போய்விடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது அது கடைசிவரை நிற்கிறது. பேப்பர் அதேதான். நீங்கள் பலரும் சொன்னபடி விஷயம் தோலிலும், கோட்டைத் தோலில் ஒட்டவைக்கும் ஸ்டென்சில் ஜெல்லிலும்தான் இருந்தது.

முடியை மழித்து, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டென்சில் ஜெல்லை ரொம்ப மெல்லிசாகத் தேய்த்து, விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் பேப்பரை வைத்து அழுத்த வேண்டும், நகர்த்தவே கூடாது. ஜெல் அதிகமானால் கோடு கசிந்து தடித்துவிடும். பேப்பரை உரித்த பிறகு 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள். வந்தவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், அவர் உடம்பில் ஆயுளுக்கும் இருக்கப்போகிற கோடு அது.

அப்புறம், ஸ்டென்சில் பேப்பரில் வடிவத்தைக் கையால் வரைபவர்கள், அதன் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை எடுத்துவிட்டு வரையுங்கள், இல்லாவிட்டால் மை பதியாது. குத்தும்போது கீழிருந்து மேலே போனால், வழியும் மையைத் துடைக்கும் கை இன்னும் போடாத கோட்டில் படாது. துடைப்பதையும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒருவர் தோலில் வைத்த பேப்பரை அடுத்தவருக்கு வைக்கவே வேண்டாம்.