கார்புரேட்டர் 800: தேற்றுவதா, தள்ளிவிடுவதா?

கார்புரேட்டர் சித்தப்பா:
சேலத்துத் தம்பி ஒருவர், அப்பா வாங்கிய 1998 மாருதி 800-க்கு ஒர்க்‌ஷாப்பில் 45,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள், செய்யலாமா அல்லது காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று நேற்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதற்குப் 'புதுவண்டி' என்ற அன்பர் எழுதிய பதில் இது: "ஈ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, வந்த பிறகும் கார்புரேட்டர் வண்டிக்குச் செலவு செய்கிறவன் முட்டாள். ஹோஸ் எல்லாம் கரைந்துவிடும்." ஆதாரமாக ஒரு கிழிந்த பெட்ரோல் ஹோஸ் படம் வேறு.

என்னிடம் இருப்பதும் அதே வருடத்து 800தான், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்தது. பங்கில் ஊற்றுகிற பெட்ரோலில்தான் ஓடுகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: படத்தில் இருக்கும் அந்த ஹோஸ் எந்த வருடத்தில் மாட்டியது?

புதுவண்டி:
நான் பொதுவாகச் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் நான் என்ன செய்ய முடியும்? எத்தனால் ரப்பரைத் தின்னும் என்பது ஊருக்கே தெரியும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிவிட்டது, சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று.

கார்புரேட்டர் சித்தப்பா:
ரப்பரை மாற்றச் சொன்னார்கள். காரையே மாற்றச் சொன்னார்களா? அதிகச் செலவில்லாத வேலை என்றும் அதே அறிக்கையில் இருந்ததே, அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லையா? சரி, ஹோஸ் எந்த வருடத்தது?

ஆர்.சி. புக்:
எதற்கு இவ்வளவு பேச்சு? 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. சுப்ரீம் கோர்ட் உத்தரவு. முடிந்தது.

கார்புரேட்டர் சித்தப்பா:
ஐயா, 2018-ல் வந்த அந்த உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும். சேலத்தை எப்போது டெல்லியோடு சேர்த்தார்கள்? நம் ஊரில் 15 வருடம் முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பெயரில் மட்டும் ஆர்.சி. புக் இருந்தால் போதாது, ஒரு தடவையாவது திறந்து படித்திருக்க வேண்டும்.

ஆர்.சி. புக்:
பெயரை வைத்துக் கிண்டல் செய்வதுதான் உங்கள் வாதமா? உங்கள் பெயரே ஒரு செத்துப்போன ஸ்பேர் பார்ட்.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் கொஞ்சம் கணக்கையும் பார்த்துவிடலாம். 20 வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். அதற்கு முன் 5,000. ஆயிரம் சிசிக்குள் என்பதால் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு 2,094, ஜிஎஸ்டி தனி. இன்னொரு பக்கம், பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், மத்திய விதிப்படி புது வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடிக்கு இடம் உண்டு, பதிவுக் கட்டணமும் இல்லை. காயலான் கடையில் போட்டால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஆர்.சி.யும் ரத்தாகாமல் உங்கள் பெயரிலேயே கிடக்கும்.

அப்புறம், அந்த 45,000-ல் என்னென்ன அடக்கம் என்று தம்பி சொல்லவே இல்லையே? என்ஜின் வேலையா, பாடி வேலையா? அது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சேலத்துக்காரன்:
ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், டிரைவர் பக்கம் ஃப்ளோர் டிங்கரிங். மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. பெட்ரோல் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

புதுவண்டி:
இன்று நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். நான் போட்ட படத்தில் இருப்பது என் மாமனார் வண்டியின் ஹோஸ். கையால் தொட்டால் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கிறது.

கார்புரேட்டர் சித்தப்பா:
இதோ, இங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். எத்தனாலால் கெட்ட ரப்பர் உள்ளே இருந்து ஊறி உப்பும், கொழகொழக்கும். என்ஜின் சூட்டிலும் வயதாலும் போன ரப்பர் வெளியே வெடிக்கும், வளைத்தால் பொருக்கு உதிரும். உங்கள் படத்தில் இருப்பது கிளிப் மாட்டும் இடத்தில் வெளிப்பக்க வெடிப்பு. இது ஜவ்வு மிட்டாய் என்றால் எந்தக் கடையில் வாங்கித் தின்றீர்கள்?

ஹோஸைக் குறுக்கே வெட்டி, உட்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் நீங்கள் சொல்வதைப் பற்றிப் பேசலாம். ஒட்டாவிட்டால் அது வெறும் கிழ ஹோஸ். வருடம் என்ன?

புதுவண்டி:
வருடம் வருடம் என்று ஏன் தொங்குகிறீர்கள்? ஹோஸ் மட்டுமா? பெட்ரோல் பம்ப்பின் சவ்வான டயாஃப்ரம் இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். இதெல்லாம் பொய்யா?

கார்புரேட்டர் சித்தப்பா:
நிறுத்தியே வைத்தால் எந்த வண்டிதான் கெடாது? ஓட்டுகிறவனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. டேங்கில் சேர்ந்த பழைய கசடைக் கிளப்பிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஃபில்டரை ஒரு முறை கூடுதலாக மாற்ற வேண்டியதுதான். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், சென்சர் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், கார்புரேட்டரில் நாம்தான் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்கட் நிறமென்றால் சரி. ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் போதும். பிரேசில்காரன் 1975-லிருந்து எத்தனால் திட்டம் நடத்துகிறான். இப்போது 30 சதவீதம் கலக்கிறான். அங்கே ரோடெல்லாம் ஹோஸ் கரைந்தா கிடக்கிறது?

கணக்குப்பிள்ளை:
பிரேசிலில் வண்டியையே அதற்குத் தகுந்தபடி செய்கிறார்கள், சித்தப்பா. இங்கே 1998-ல் யார் அப்படிச் செய்தார்கள்? எத்தனாலில் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜில் ஆறு ஏழு சதவீதம் அடிவாங்கலாம். ஆனால் இப்போதைய பிரச்சினை ஹோஸே இல்லை. ஃப்ளோரில் ஓட்டை என்கிறார். சேஸிஸ் ஓரம் வரை துரு போயிருந்தால் இந்த 45,000 வெறும் ஆரம்பம்தான். லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்த்தீர்களா, தம்பி?

அம்பாசிடர் அடிமை:
தகர டப்பாவுக்குத் துரு பிடிக்கிறது என்று இத்தனை பேர் அழுகிறீர்கள். எங்கள் அம்பாசிடரின் ஃப்ளோரில் ஓட்டை விழ வேண்டுமென்றால் துளை போடுகிற மெஷின் கொண்டுவர வேண்டும்.

கார்புரேட்டர் சித்தப்பா:
அம்பாசிடருக்குத் துருவே பிடிக்காதா? கதவு ஓரத்தில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்ததையெல்லாம் நாங்களும் பார்த்திருக்கிறோம். 1983 டிசம்பரில் 800 வந்த பிறகு உங்கள் வண்டியைத் தனி மனிதர்கள் எத்தனை பேர் வாங்கினார்கள்? சர்க்காரும் டாக்சியும்தானே காப்பாற்றியது?

அம்பாசிடர் அடிமை:
800-ஐ 2014 ஜனவரியில் நிறுத்தினார்கள். உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் அந்த மே மாதம் வரை வந்தது. யார் கடைசிவரை நின்றது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் சித்தப்பா:
நான்கு மாதத்துக்கு இவ்வளவு பெருமையா!

ஆர்.சி. புக்:
டெல்லி விதி நாளை இங்கேயும் வரும். அப்போது இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

புதுவண்டி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஈ20-ஐ எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கையே சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. இனி பழைய பெட்ரோல் திரும்பாது. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் வாங்கலாம், விலை ஒன்றரை மடங்கு. அந்தப் பணத்துக்குப் புது வண்டிக்கு ஈஎம்ஐ கட்டிவிடலாம்.

கார்புரேட்டர் சித்தப்பா:
ஈஎம்ஐ என்ற சொல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எந்த ஷோரூமில் கமிஷன்?

புதுவண்டி:
என் அண்ணன்தான் ஷோரூமில் இருக்கிறான், நான் இல்லை. வாதத்தில் தோற்றால் குடும்பத்தை இழுப்பது உங்கள் வழக்கம். டயரில் நைட்ரஜன் அடிப்பதைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

கார்புரேட்டர் சித்தப்பா:
மாமனார் வண்டியைக் கொண்டுவந்தது நீங்கள். அண்ணனைக் கொண்டுவந்ததும் நீங்கள். ஹோஸின் வருடத்தை மட்டும் கொண்டுவர மாட்டேன் என்கிறீர்கள்.

சேலத்துக்காரன்:
அடியைப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. டிங்கர் இன்னும் பன்னிரண்டாயிரம் கேட்கிறார். அம்மாவுக்கு விற்க மனமில்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஜாக்கி பாயின்ட் போயிருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். வெல்டிங்கைத் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கார்புரேட்டர் சித்தப்பா:
பன்னிரண்டெல்லாம் அநியாயம். கோயம்புத்தூருக்கு ஓட்டி வாருங்கள், எங்கள் ஆளிடம் சொல்லிப் பாதியில் முடித்துத் தருகிறேன். வரும் வழியில் எந்த பங்கில் வேண்டுமானாலும் ஈ20 ஊற்றுங்கள், ஒன்றும் கரையாது.

புதுவண்டி:
ஃப்ளோர் ஓட்டை, ஹெட் கேஸ்கட் போன வண்டியைச் சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஓட்டி வரச் சொல்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள் இவருடைய டெக்னிக்கல் ஞானத்தை.

கார்புரேட்டர் சித்தப்பா:
சரி, லாரியில் ஏற்றி வரட்டும்.

புதுவண்டி:
லாரி வாடகையைக் கணக்கில் சேர்த்தீர்களா? நைட்ரஜன் விஷயத்திலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றினீர்கள்.

கார்புரேட்டர் சித்தப்பா:
நைட்ரஜனா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியை நிரப்புவதற்குக் காசு கொடுத்தவர் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். முதலில் அந்தப் பஞ்சாயத்தை முடிப்போம், வாருங்கள்.